பிளாஸ்டிக் டப்பாவும் உடல் பருமனும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் உணவு பற்றிப் பேசுவது என் வேலை. சர்க்கரை, பிரஷர், ரத்தசோகை என்று எதைப் பேசினாலும், பேச்சு முடிந்ததும் பிளாஸ்டிக் பற்றிய சந்தேகங்கள்தான் வரிசைகட்டி வரும். பாலக்கோட்டில் கேட்டதையே ஊத்தங்கரையிலும் கேட்பார்கள். அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

பிளாஸ்டிக்கால உடம்பு பெருக்கும்னு சொல்றாங்களே, நெசமா மேடம்?

பெருக்கலாம் என்று சந்தேகப்பட நல்ல காரணங்கள் இருக்கின்றன. பெருக்கும் என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு இன்னும் நிரூபணம் ஆகவில்லை. செல்களை வைத்தும் எலிகளை வைத்தும் செய்த சோதனைகளில் தொடர்பு நன்றாகவே தெரிகிறது. மனிதர்களிடம் இந்த ரசாயனங்களும் கூடுதல் எடையும் பல ஆய்வுகளில் சேர்ந்தே காணப்படுகின்றன. ஆனால் ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று காட்டுவது கடினம். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான்.

எந்தெந்த ரசாயனம்? பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

மூன்று பெயர் தெரிந்தால் போதும். முதலாவது பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. பாலிகார்பனேட் என்ற கண்ணாடி மாதிரி கெட்டியான பிளாஸ்டிக்கிலும், உணவு டின்களின் உட்பூச்சிலும், கடையில் கிழித்துத் தரும் வழவழப்பான பில் தாளிலும் இருக்கும். இரண்டாவது தாலேட்டுகள். பிவிசியை வளைகிற மாதிரி மென்மையாக்கச் சேர்ப்பது. சென்ட், ஷாம்பு வாசனையிலும் உண்டு. மூன்றாவது பிஎஃப்ஏஎஸ் என்ற பெரிய குடும்பம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாமலிருக்கச் சில உணவுத் தாள்களிலும் நான்ஸ்டிக் தயாரிப்பிலும் பயன்படுவது.

சாப்பாடு அதிகமா தின்னா குண்டாவோம், சரி. ரசாயனத்துல கலோரியே இல்லையே, அது எப்படிக் கொழுப்பாகும்?

கம்பைநல்லூர் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. இதை விட நல்ல கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. பசி, சர்க்கரையை எரிப்பது, கொழுப்பைச் சேர்ப்பது எல்லாம் ஹார்மோன்கள் சொல்படி நடக்கிறது. ஹார்மோன் போய் உட்காரும் இடம் பூட்டு என்றால், இந்த ரசாயனங்கள் கள்ளச்சாவி. பிபிஏ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடிக்கும். சில தாலேட்டுகள் உடைந்து உண்டாகும் பொருள், 'பிபிஏஆர் காமா' என்ற இடத்தில் போய் ஒட்டும். பெயரில் பிபிஏ என்று வருகிறதே தவிர அந்த ரசாயனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்னும் என்னவாகப் போகிறோம் என்று முடிவாகாத இளம் செல்லை 'நீ கொழுப்புச் செல்லாக மாறு' என்று திருப்பிவிடும் இடம் அது.

2006-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தில் புரூஸ் பிளம்பெர்க்கும் ஃபெலிக்ஸ் குரூனும் டிரைபியூட்டைல்டின் என்ற ரசாயனத்தைச் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் கப்பல் அடிப்பகுதிப் பெயின்ட்டில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கச் சேர்த்த பொருள் அது. பிறந்த குட்டிகளுக்குக் கொழுப்பு கூடுதலாக இருந்தது. இப்படி வேலை செய்யும் பொருட்களுக்கு ஒபிசோஜென் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். 2013-இல் வந்த அடுத்த ஆய்வில், ரசாயனமே படாத மூன்றாம் தலைமுறை எலிகளிடமும் அந்தக் கொழுப்புக் கூடுதல் தெரிந்தது.

எலிக்கு வந்தா நமக்கும் வரணுமா?

வரவேண்டிய கட்டாயம் இல்லை. அதற்காகத்தான் மனிதர்களிடமும் பார்த்தார்கள். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 6 முதல் 19 வயது வரையுள்ள 2,838 பேரின் சிறுநீரில் பிபிஏ அளந்தார்கள். மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பிள்ளைகளில் 10.3 சதவீதம் பேர் பருமனாக இருந்தார்கள். மிக அதிகமாக இருந்த கால்வாசியில் 22.3 சதவீதம். கேட்டால் பகீரென்றிருக்கும். ஆனால் குண்டாக இருக்கும் பிள்ளை பாக்கெட் தீனியும் டின் உணவும் அதிகம் தின்பதால்கூட பிபிஏ கூடியிருக்கலாம் இல்லையா? ஒரே ஒருமுறை பிடித்த சிறுநீரை வைத்து எது முன்னால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆய்வு செய்தவர்களும் இதை ஒப்புக்கொண்டுதான் எழுதினார்கள்.

எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிவது 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு. எடை குறைக்க உணவுத் திட்டத்தில் சேர்ந்த 621 பேரின் ரத்தத்தில் தொடக்கத்திலேயே பிஎஃப்ஏஎஸ் அளந்துவிட்டு, இரண்டு வருடம் கவனித்தார்கள். முதல் ஆறு மாதம் எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன்பிறகு, அந்த ரசாயனம் அதிகமாக இருந்தவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, குறைந்த எடை கூடுதலாகத் திரும்பி வந்தது. இங்கே அளவு முன்னால், எடை பின்னால்.

அப்ப நம்ம ஊர்ல எல்லாரும் பெருத்துப் போனதுக்கு இதுதான் காரணம்னு சொல்லுங்க!

சொல்ல மாட்டேன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் இருக்கவேண்டியதைவிடக் கூடுதல் எடை. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் இது 30.9, 28.2. இந்த ஏற்றத்துக்குப் பெரிய பங்கு வேறெங்கோ இருக்கிறது: ராகிக் களி இருந்த தட்டில் மூன்று வேளையும் வெள்ளை அரிசி, ராத்திரி புரோட்டா, காட்டுக்கு நடந்த கால் இப்போது வண்டியில், ஓசூர் கம்பெனிகளில் மாறி மாறி வரும் ஷிஃப்ட்டில் கெட்ட தூக்கம்.

பாக்கெட் தீனியில் பாக்கெட்டைத் திட்டும் முன் தீனியைத் திட்டுங்கள். 2019-இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் செய்த உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், எடையும் ஏறியது. பிளாஸ்டிக் ரசாயனம் இதற்கு மேல் ஒரு சிறு தள்ளு கொடுக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

20 லிட்டர் கேன் தண்ணிதான் குடிக்கிறோம். நிறுத்திட்டு பழையபடி போர் தண்ணிக்கே போயிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் பாறைக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் என்ன ஆகும் என்று பென்னாகரம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பல்லில் குறுக்காகப் பழுப்புக் கோடு, பிறகு முட்டி மடங்காது, குனிந்தால் நிமிர முடியாது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் தண்ணீர் விட ஆரம்பித்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவது) தணிப்பு என்று சேர்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் ரசாயனத்தால் எடை கூடுவது ஒரு சந்தேகம். புளோரைடால் எலும்பு கெடுவது கண்ணால் பார்த்த உண்மை. சந்தேகத்துக்குப் பயந்து உண்மையில் போய் விழக் கூடாது. இன்னொன்று, தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும்.

ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வந்தால் அதுவே முதல் தேர்வு. வரவில்லையா, ஆர்ஓ போட்ட கேன் தண்ணீர் குடியுங்கள். கேன் வந்ததும் ஸ்டீல் குடத்திலோ மண்பானையிலோ மாற்றி வையுங்கள். உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்து, நீலம் மங்கிப் புகை பிடித்தாற்போல் இருக்கும் கேனைத் திருப்பி அனுப்புங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள். 2009-இல் ஹார்வர்டில் 77 மாணவர்கள் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்கள் மட்டும் குடித்ததற்கே சிறுநீரில் பிபிஏ 69 சதவீதம் கூடியது. நம் ஊர்ப் பங்குனி வெயிலைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கேன் அடியில முக்கோணத்துல நம்பர் இருக்கே, அத எப்படிப் படிக்கிறது?

1 என்றால் பெட், குளிர்பான பாட்டில் வகை. 2, 4 இரண்டும் பாலித்தீன். 5 பாலிபுரொப்பிலீன், பெரும்பாலான சமையலறை டப்பாக்கள் இதில்தான். 3 பிவிசி, 6 தெர்மாகோல் இனம். உணவுக்கு இரண்டும் வேண்டாம். 7 என்றால் 'மற்றவை', பாலிகார்பனேட்டும் அதில் அடக்கம். கேனில் 1 இருந்தால் பிபிஏ கவலை இல்லை, 7 இருந்தால் முந்தைய பதிலில் சொன்னபடி செய்யுங்கள். எண்ணே இல்லாத டப்பாவில் அரிசி, பருப்பு மாதிரி உலர்ந்த சாமான் மட்டும் போட்டு வையுங்கள்.

'பிபிஏ ஃப்ரீ'ன்னு போட்ட டப்பா வாங்கிட்டேன். இனி பயமில்லதானே?

பயம் பாதி குறையும். பிபிஏவை எடுத்துவிட்டு அதன் பங்காளியான பிஸ்பீனால் எஸ் போட்டவர்கள் நிறைய. அதுவும் ஹார்மோன் போல நடிக்கிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. தவிர ஒரு டப்பாவில் ஒரே ஒரு ரசாயனம் இருப்பதில்லை. நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் தயிர் கப், தண்ணீர் பாட்டில் மாதிரி 34 அன்றாடப் பொருட்களைச் சோதித்து 2022-இல் எழுதினார்கள். 55,000-க்கும் மேல் ரசாயனத் தடயங்கள் தெரிந்தன. அடையாளம் காண முடிந்தது 629. மூன்றில் ஒரு பங்குப் பொருட்களிலிருந்து எடுத்த சாறு, ஆய்வகத்தில் கொழுப்புச் செல்களை வளரவைத்தது. இதில் வேடிக்கை, ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கிய ரசாயனம் இல்லாத பொருட்களும் அப்படிச் செய்தன.

ஹோட்டல்ல சாம்பார், சால்னா எல்லாம் கவர்ல கட்டித் தர்றாங்க. வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்துல ஊத்திடறோம். அவ்ளோ நேரத்துல என்ன ஆயிடப் போவுது?

சூடு, எண்ணெய், புளிப்பு. பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனத்தை இழுப்பவை இந்த மூன்றும்தான். சால்னாவில் மூன்றும் இருக்கிறது! கொதிக்கக் கொதிக்க ஊற்றி, நூலால் சுற்றி, காற்றுப் புகாமல் முடிச்சுப் போடுகிறார்கள். ரசாயனம் இறங்குவதில் பெரும்பகுதி முதலில் சூடாக இருக்கும் அந்த நேரத்தில்தான். நல்ல பாலித்தீனில் தாலேட் சேர்க்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் கடையில் தொங்கும் கட்டு நல்லதா, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததா என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், கேரி பேக் உள்ளிட்ட 14 வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை போட்டும் கவர் போகவில்லை, அது வேறு கதை. தூக்குவாளி எடுத்துப் போங்கள். வண்டியின் சைடு பாக்ஸில் ஒன்று கிடந்தால் மறக்காது.

டீக்கடையில பேப்பர் கப் நல்லதுதானே? பிளாஸ்டிக் இல்லையே.

உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெழுகு மாதிரி ஒரு படலம் உரிந்து வரும். அதுதான் பிளாஸ்டிக். ஐஐடி கரக்பூரில் 2020-இல் பார்த்தபோது, 85–90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவம் 15 நிமிடம் இருந்ததற்கு சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கியிருந்தன. மேலே சொன்ன தடையில் இந்த கப்பும் உண்டு. கண்ணாடி கிளாஸில் வாங்கிக் குடியுங்கள், டீயும் ருசியாக இருக்கும்.

பால் பாக்கெட்டு?

அது பாலித்தீன், பால் குளிராக இருக்கிறது. விட்டுவிடுங்கள். கவரோடு சுடுதண்ணீரில் போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள்.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலக்கறாங்களே, அதத் தின்னா குண்டாவோமா?

அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்த செறிவூட்டிய அரிசி. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலப்பார்கள். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், தண்ணீரில் சில சமயம் மிதக்கும். பொறுக்கி எறியாதீர்கள்.

மருமக முழுகாம இருக்கா. நாங்க இதுல எதக் கவனிக்கணும்?

எலிக் கதையில் சினை எலிக்குக் கொடுத்தது குட்டியின் உடம்பில் தெரிந்தது ஞாபகம் இருக்கட்டும். கருவிலும் சின்ன வயதிலும் கொழுப்புச் செல்கள் உருவாகும் விதம் பெருமளவு அமைகிறது. பெரியவர்களைவிட அங்கே கவனம் பலமடங்கு தேவை. சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் போடாமலிருப்பது, டின் உணவைத் தவிர்ப்பது, ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ வைப்பது, இவ்வளவு போதும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை என்றால், சானிடைசர் ஈரத்தோடு பில் தாளைத் தொட வேண்டாம். அப்போதுதான் பிபிஏ தோலுக்குள் அதிகம் போகிறது.

பிறந்தபின் தாய்ப்பால். அதில் இந்த ரசாயனம் சிறிது இருக்கலாம் என்று கேள்விப்பட்டு யாரும் நிறுத்த வேண்டாம், தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கே பருமன் வரும் வாய்ப்பு குறைவு. வேறு பால் தரவேண்டி வந்தால் ஸ்டீல் பாலாடை இருக்கவே இருக்கிறது.

இவ்ளோ கெட்டதுன்னா அரசாங்கம் ஏன் விட்டு வெச்சிருக்கு?

எவ்வளவு வரை பாதுகாப்பு என்பதிலேயே நிபுணர்களுக்குள் சண்டை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 4 மைக்ரோகிராம் பிபிஏ வரை பரவாயில்லை என்றது. 2023-இல் அதையே 0.2 நானோகிராம் ஆக்கியது, 20,000 மடங்கு கீழே. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இவ்வளவு குறைக்க ஆதாரம் போதாது என்று மறுத்தது. கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருட்களில் பிபிஏவுக்குத் தடை போட்டு, 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாற்றிக்கொள்ள அவகாசமும் உண்டு. இந்தியாவில் குழந்தைகளின் ஃபீடிங் பாட்டிலில் பாலிகார்பனேட் கூடாது என்று தரவிதி இருக்கிறது. எண்ணும் பெயரும் இல்லாத பாட்டிலைச் சந்தையில் வாங்காதீர்கள்.

எங்க வீட்டுக்காரர் மாங்கூழ் ஃபேக்டரியில இருக்காரு. டின்ல அடைக்கற கூழ் இதுல வருமா?

வரும். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காயை அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகளில் டின்னும் உண்டு, கிருமி நீக்கிய பெரிய பையும் உண்டு. டின்னின் உட்பூச்சில் பிபிஏ இருந்தால், மாங்கூழின் புளிப்பும் அடைக்கும்போது இருக்கும் சூடும் அதை இழுக்கும். 2011-இல் ஹார்வர்டு ஆய்வில் 75 பேருக்கு ஐந்து நாள் தினம் ஒரு டின் சூப் கொடுத்தபோது, டின்னில் அடைக்காத சூப் குடித்த நாட்களைவிடச் சிறுநீரில் பிபிஏ பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. ஐரோப்பாவுக்குப் போகும் டின்னுக்கு முந்தைய பதிலில் சொன்ன தடை பொருந்தும். பூச்சு மாறியதா என்று உங்கள் வீட்டுக்காரர் டின் வாங்கும் பிரிவில் விசாரிக்கலாம். நமக்கென்ன, ஆனி மாதம் பழமே கிடைக்கிறது.

உடம்புல எவ்ளோ இருக்குன்னு டெஸ்ட் எடுத்து, டீடாக்ஸ் பவுடர் குடிச்சா போயிடுமா?

பவுடருக்குக் காசைக் கொட்டாதீர்கள். பிபிஏவும் தாலேட்டும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் தானாகவே போய்விடும். பிரச்சினை, போகப் போக மறுபடி உள்ளே போட்டுக்கொண்டிருப்பது. அதனால் இன்று எடுத்த டெஸ்ட் நேற்றைய சாப்பாட்டைத்தான் காட்டும். 2011-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஐந்து குடும்பங்கள் டின்னும் பிளாஸ்டிக்கும் படாத புதுச் சமையலை மூன்று நாள் சாப்பிட்டதில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது. பிஎஃப்ஏஎஸ் மட்டும் பிடிவாதக்காரன், அதில் சில வகைகள் பாதியாகக் குறையவே வருடங்கள் ஆகும். அடி சுரண்டிப்போன நான்ஸ்டிக் தவாவை மாற்றும்போது இரும்பு தோசைக்கல் வாங்குங்கள்.

எல்லாத்தையும் தூக்கிப் போட்டு ஸ்டீலுக்கு மாறிட்டேன். மூணு மாசமாச்சு, ஒரு கிலோகூட குறையலையே?

குறையும் என்று நான் சொல்லவே இல்லையே! பிளாஸ்டிக்கை விலக்கினால் அதனாலேயே எடை இறங்கும் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இது இனிமேல் சேர்வதையும், அடுத்த தலைமுறைக்குப் போவதையும் குறைக்கப் பார்ப்பது. ஏற்கெனவே சேர்ந்ததற்கு நம் ஊரில் எல்லோருக்கும் பொருந்துகிற காரணங்களை 'பெருத்துப் போனதுக்கு' என்ற கேள்வியில் எழுதியிருக்கிறேன், அங்கிருந்து தொடங்குங்கள். அதையெல்லாம் செய்தும் எடை ஏறிக்கொண்டே போனால், மாதவிடாய் தள்ளிப் போனால், எப்போதும் அசதியாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். போகும் முன் தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90-ம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.